திரும்பிப் பார்க்கும் விலங்கு

ஒரு கூண்டுக்குள் இறைச்சித் துண்டு. அதில் கட்டிய கயிற்றின் நுனி கம்பிகளுக்கு வெளியே கிடக்கிறது. கயிற்றைக் கவ்வி இழுத்தால் இறைச்சி வெளியே வந்துவிடும். இதை நாய்களும் கற்றுக்கொண்டன, மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களும் கற்றுக்கொண்டன. கற்ற வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு ஆய்வாளர்கள் கயிற்றை உள்ளே இறுகக் கட்டிவிட்டார்கள். இனி எவ்வளவு இழுத்தாலும் இறைச்சி வராது. ஓநாய்கள் விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தன. நாய்கள் கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்தன. பிறகு தலையைத் திருப்பி, பின்னால் நின்றுகொண்டிருந்த வளர்ப்பவரின் முகத்தைப் பார்த்தன.

புடாபெஸ்ட் நகரின் எட்வெஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் ஆடம் மிக்லோஷியும் அவருடைய குழுவினரும் நடத்திய இந்தச் சோதனை, 2003-இல் ‘கரன்ட் பயாலஜி’ இதழில் வெளியானது. அந்த ஓநாய்கள் காட்டில் பிடித்தவை அல்ல. கண் திறக்கும் முன்பே தாயிடமிருந்து எடுத்து, குட்டிக்கு ஒருவர் பொறுப்பேற்று, புட்டிப்பால் கொடுத்து, இரவும் பகலும் கூடவே வைத்திருந்து வளர்த்தவை. வளர்ப்பில் ஒரு குறையும் இல்லை. அப்படியும், சிக்கல் வந்தபோது மனித முகத்தைத் தேட அவற்றுக்குத் தோன்றவில்லை.

நாய் வளர்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை. “என் நாய் என்னைக் கவனிப்பதே இல்லை, என்ன செய்தால் கவனிக்கும்?” என்று பயிற்சியாளர்களிடம் கேட்காதவர் குறைவு. நம்மைக் கவனிக்கும் இயல்பு நாயிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் புடாபெஸ்ட் சோதனை சொல்லும் பதில். ஆயிரக்கணக்கான தலைமுறைகளாக நம்மோடு வாழ்ந்ததில் வந்த இயல்பு அது. வீட்டுக்குள் சமையலறை வாசலில் உட்கார்ந்து உங்கள் முகத்தையே பார்க்கும் அதே நாய், தெருவில் இறங்கியதும் உங்களை ஏன் மறந்துபோகிறது? அந்தக் கவனத்தைத் தெருவிலும் எப்படித் தக்கவைப்பது? இந்த அத்தியாயம் அந்த இரண்டு கேள்விகளைப் பற்றியது.

கண்ணும் கண்ணும்

ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தில் மிஹோ நாகசாவா, தகேஃபூமி கிக்குசூய் ஆகியோரின் குழு 30 நாய்களையும் அவற்றை வளர்ப்பவர்களையும் இணை இணையாக ஓர் அறையில் அரைமணி நேரம் இருக்க வைத்தது. முன்னும் பின்னும் இரு தரப்பிடமிருந்தும் சிறுநீர் மாதிரி எடுத்து, அதில் ஆக்சிடோசின் அளவைப் பார்த்தார்கள். பால் சுரப்பிலும் தாய்–சேய்ப் பிணைப்பிலும் பெரும்பங்கு வகிக்கும் ஹார்மோன் அது. வளர்ப்பவரின் கண்களை அதிக நேரம் பார்த்த நாய்களிடம் ஆக்சிடோசின் உயர்ந்திருந்தது. பார்க்கப்பட்ட மனிதர்களிடமும் உயர்ந்திருந்தது. அடுத்த கட்டமாக நாய்களின் மூக்கில் ஆக்சிடோசினைத் தெளித்தபோது, பெண் நாய்கள் வளர்ப்பவரை முன்பைவிட அதிக நேரம் பார்த்தன. அப்படிப் பார்க்கப்பட்டவர்களின் உடலிலும் அது கூடியது. பார்வை ஹார்மோனைக் கூட்ட, ஹார்மோன் பார்வையைக் கூட்ட, ஒரு சுழற்சி ஓடுகிறது. கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இந்தச் சுழற்சி தென்படவில்லை. 2015-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இது.

உடலமைப்பிலும் இதற்குத் தடயம் உண்டு. புருவத்தின் உள்முனையை மேலே தூக்கும் சிறு தசை ஒன்று நாய்களுக்கு நன்றாக வளர்ந்திருக்கிறது. ஓநாய்களிடம் அந்த இடத்தில் சில இழைகள் மட்டுமே உள்ளன. போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் யூலியானே காமின்ஸ்கியும் உடற்கூறியலாளர் ஆன் பர்ரோஸும் 2019-இல் இதைக் காட்டினார்கள். பாவமாக முகத்தை வைத்துக்கொண்டு நம்மைக் கரைக்கும் அந்தப் பார்வை, இந்தத் தசை செய்யும் வேலை.

நாய் நம்மைப் பார்ப்பதோடு நின்றுவிடுவதில்லை. நாம் அதைப் பார்க்கிறோமா என்பதையும் பார்க்கிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில், தரையில் உணவை வைத்து “எடுக்காதே” என்று நாய்களுக்குச் சொன்னார்கள். சொன்னவர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நாய்கள் பெரும்பாலும் அடங்கியிருந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டாலோ, முதுகைக் காட்டித் திரும்பினாலோ, வேறெதிலோ மூழ்கியிருந்தாலோ, எடுத்துத் தின்றது அதிகமாயிற்று.

கைபேசியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நாயை உலாவ அழைத்துப் போகிறவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். நாய் நிமிர்ந்து பார்க்கிறது. நம் கண் திரையில் இருக்கிறது. இன்னொரு முறை பார்க்கிறது, அப்போதும் அப்படியே. பார்த்துப் பயனில்லை என்று தெரிந்தபின் அது ஏன் பார்க்க வேண்டும்?

தெருவில் நடக்கும் போட்டி

நாயின் மூக்கில் வாசனையை உணரும் ஏற்பிகள் சுமார் 20 கோடியிலிருந்து 30 கோடி வரை உள்ளன என்று கணக்கிடுகிறார்கள். நமக்கு 50, 60 லட்சம். மோப்பம் பிடிக்கும்போது அது ஒரு நொடிக்கு ஐந்து முறை அளவில் காற்றை உள்ளிழுக்கிறது. ஒரு மின்கம்பத்தின் அடியில் எந்த நாய் வந்தது, ஆணா பெண்ணா, எவ்வளவு நேரத்துக்கு முன் வந்தது என்பதையெல்லாம் அது அங்கேயே படித்துவிடுகிறது. நமக்குத் தெரு என்பது போய்ச் சேரும் வழி. நாய்க்கு அங்கே அடிக்கு அடி செய்தி கிடக்கிறது.

கண்களும் எல்லா நாய்க்கும் ஒன்றுபோல இல்லை. சிட்னி பல்கலைக்கழகத்தின் பால் மெக்கிரீவி குழு 2004-இல் நாய்களின் விழித்திரையை ஆராய்ந்தது. நீள மூக்கு இனங்களில் பார்வை நரம்பணுக்கள் விழித்திரையின் குறுக்கே ஒரு பட்டையாகப் பரவியிருக்கின்றன. அடிவானம் முழுவதையும் ஒரே நேரத்தில் நோட்டமிட அது தோதானது. குட்டை மூக்கு இனங்களில் அவை நடுவில் குவிந்திருக்கின்றன. நேர் எதிரே உள்ள முகத்தைப் பார்க்க அது உதவும். புடாபெஸ்ட் ஆய்வாளர்கள் 2009-இல் செய்த ஒப்பீட்டிலும், குட்டை மூக்கு நாய்களும், மனிதரோடு கண் தொடர்பில் இருந்து வேலை செய்வதற்கென்றே பெருக்கப்பட்ட இனங்களும் மனிதர் கை காட்டும் திசையைப் புரிந்துகொள்வதில் முந்தின. நம் ஊர்ச் சிப்பிப்பாறை, கன்னி போன்றவை கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். தொலைவில் ஓர் அசைவு தெரிந்த உடனே ஓடுவதற்கென்று தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. அப்படிப்பட்ட நாய் வயல்வெளியில் நம் முகத்தை மறந்து ஓணானைப் பார்ப்பது அடங்காமை ஆகாது. இனத்தின் இயல்பை அறிந்து, கூடுதல் பொறுமையோடு தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

மூக்கையும் கண்ணையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பலன் தந்த செயல் பெருகும், பலன் தராத செயல் தேயும் என்பதை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1898-இலேயே பூனைகளை வைத்துக் காட்டினார். அணிலைத் துரத்துவது நாய்க்கு அதனளவிலேயே பரிசு. நாம் எதுவும் தர வேண்டியதில்லை. புல்லை மோப்பம் பிடிப்பதும், எதிரே வரும் நாயைப் பார்த்துக் குதிப்பதும் அப்படியே. நம் முகத்தைப் பார்த்ததற்கு என்ன கிடைத்தது? பெரும்பாலான வீடுகளில், எதுவும் இல்லை. தெருவில் நாய் நம்மை மறப்பது இந்தக் கணக்கின் விளைவு. கணக்கை மாற்றினால் பழக்கம் மாறும்.

மூடிய கை

உலகெங்கும் பயிற்சியாளர்கள் தொடக்கப் பாடமாக வைப்பது மிக எளிய ஒரு பயிற்சி. செலவு, அவித்த கோழி கொஞ்சம்.

கோழியைக் கொண்டைக்கடலை அளவுக்குச் சிறு துண்டுகளாகக் கிள்ளிக்கொள்ளுங்கள். வீட்டில் சத்தமில்லாத அறை ஒன்றில் நாயின் முன் நில்லுங்கள். ஒரு துண்டைக் கைக்குள் மூடி, கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள். வாயைத் திறக்காதீர்கள். நாயின் கண் முழுக்க அந்தக் கையில் இருக்கும். மூக்கால் முட்டும், நக்கும், முன்னங்காலால் பிறாண்டும். சில நாய்கள் குரைக்கும், சில உட்கார்ந்து எழுந்து தமக்குத் தெரிந்த வித்தைகளையெல்லாம் வரிசையாகக் காட்டும். கை திறக்காது. ஒரு கட்டத்தில் நாய் ஓர் அடி பின்வாங்குகிறது. காது லேசாக அசைகிறது. கண் கையிலிருந்து நழுவி, அரை நொடிகூட இல்லாத நேரத்துக்கு உங்கள் முகத்துக்கு வருகிறது.

அந்த அரை நொடியில் “சரி!” என்று சொல்ல வேண்டும். சொன்ன கையோடு உணவு. மறுபடி கையை மூடி நீட்டுங்கள். இரண்டாம் முறை கண் முகத்துக்கு வர ஆகும் நேரம் குறையும். போகப் போக, கையை நீட்டிய உடனே நாய் கையை விட்டுவிட்டு உங்களை நிமிர்ந்து பார்க்கும். உணவை நோக்கிப் பாய்வதைவிட மனிதரைப் பார்ப்பதே உணவைப் பெறும் வழி என்று அது கண்டுபிடித்துவிட்டது. நீங்கள் ஏவவில்லை, இழுக்கவில்லை, கெஞ்சவில்லை. தானே கண்டுபிடித்ததால்தான் அந்தப் பாடம் நிலைக்கிறது.

“சரி” என்ற சொல் எதற்கு, உணவை நேரே கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். கை நீண்டு உணவு வாய்க்குப் போய்ச் சேர இரண்டு நொடி ஆகிறது. அதற்குள் நாய் முகத்திலிருந்து கண்ணை எடுத்து, மூக்கை நக்கி, ஒரு காலைத் தூக்கியிருக்கும். இதில் எதற்கு உணவு கிடைத்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? பலன் கிடைத்த நொடியைச் சுட்டிக் காட்ட ஒரு குறிப்பு வேண்டும். 1951-இல் பி. எஃப். ஸ்கின்னர் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய கட்டுரையில், இதற்கு ‘டிக்’ என்று ஒலிக்கும் பொம்மை ஒன்றைப் பயன்படுத்தலாம் என்றார். இன்று பயிற்சியாளர்கள் கையில் இருக்கும் கிளிக்கர் அதன் வாரிசு. கிளிக்கரில் மாயம் ஒன்றும் இல்லை. இத்தாலியில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் கிளிக்கர் ஒலி, வாய்ச்சொல், வெறும் உணவு என்று மூன்று வழிகளில் 51 நாய்களைப் பழக்கியபோது கற்றலில் வேறுபாடு தெரியவில்லை. எந்தக் கருவி என்பது உங்கள் வசதி. எந்த நொடியில் என்பதில்தான் கவனம் வேண்டும்.

மூளையிலும் இதற்கு அடிப்படை இருக்கிறது. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் 1990-களில் குரங்குகளின் மூளையில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்களைப் பதிவு செய்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை துடித்தன. சாறு வரும் முன் ஒரு விளக்கு எரியும் என்று பழகியபின், சாற்றுக்குத் துடிப்பதை விட்டு விளக்குக்கே துடித்தன. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே போயிற்று. பரிசை முன்கூட்டிச் சொல்லும் குறிப்பே மூளைக்குப் பரிசாகிவிடுகிறது. “சரி” என்று சொல்லிவிட்டு உணவு தராமல் ஏமாற்றினால், அந்தச் சொல்லின் மதிப்பு சரிந்துவிடும் என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

வீட்டிலிருந்து வீதிக்கு

அறைக்குள் நன்றாகச் செய்யும் நாய் வாசலில் சொதப்பும். இது எல்லா நாய்க்கும் நடப்பது. நாய்கள் கற்றதை இடத்தோடு சேர்த்தே கற்கின்றன. ஹாலில் கற்றது மொட்டை மாடிக்குத் தானாக வராது. மாடியில் கற்றது தெருவுக்கு வராது. ஒவ்வோர் இடத்திலும் பாடத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் இடத்தில் சீக்கிரம் வரும், மூன்றாம் இடத்தில் இன்னும் சீக்கிரம் வரும்.

கடினத்தைக் கூட்டுவதில் மூன்று அளவுகள் உண்டு: எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும், எவ்வளவு தூரத்திலிருந்து, எவ்வளவு இடையூறுக்கு நடுவே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள். மூன்று நொடி பார்க்கும் நாயைப் பத்து நொடிக்கு இழுத்துப் பிடிக்க நினைக்காதீர்கள். நான்கு நொடி, பிறகு இரண்டு, பிறகு ஐந்து என்று ஏற்றி இறக்குங்கள். புது இடத்துக்குப் போகும்போது மறுபடி ஒரே நொடியில் தொடங்குங்கள்.

நாய் தானாகப் பார்ப்பது உறுதியானபிறகே “பார்” என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். நாய் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது “டைகர்! டைகர்! டேய் டைகர்!” என்று அடுக்கிக்கொண்டே போகிறோம். அழைப்புக்குப் பின் ஒன்றும் நடக்காதபோது, பெயர் தெருவின் இரைச்சலில் இன்னொரு சத்தமாகிவிடுகிறது. ஒருமுறை கூப்பிடுங்கள். திரும்பவில்லையென்றால் இன்னொரு முறை கூப்பிடுவதைவிட, நான்கு அடி பின்னால் நகர்ந்து இடையூறிலிருந்து விலகுவது பயன் தரும்.

விலகும் தூரத்தைக் கணிக்க எளிய அடையாளம் ஒன்று உண்டு. வீட்டில் ஆசையாகத் தின்னும் கோழித்துண்டை மூக்கின் முன் நீட்டியும் நாய் முகர்ந்துகூடப் பார்க்கவில்லையென்றால், நீங்கள் இடையூறுக்கு மிக அருகில் நிற்கிறீர்கள். அந்தப் பதற்றத்தில் எந்த மூளையும் கற்காது. ராபர்ட் யெர்க்ஸும் ஜான் டாட்சனும் 1908-இல் எலிகளிடம் கண்டதும் இதையே ஒத்தது: பாடம் கடினமாக இருக்கும்போது தூண்டுதல் அளவு மீறினால் கற்றல் கெடுகிறது. எதிரே நிற்கும் நாய் கண்ணில் படும், ஆனால் உங்கள் நாய்க்கு இன்னும் சாப்பிடத் தோன்றும் என்ற தூரமே உங்கள் வகுப்பறை.

அங்கே நின்றபின், இடையூறைப் பார்க்கவே கூடாது என்று தடுக்க வேண்டாம். அமெரிக்கப் பயிற்சியாளர் லெஸ்லி மெக்டெவிட் 2007-இல் எழுதிய நூலில் பரப்பிய முறை இது: நாய் எதிரில் உள்ள நாயைப் பார்க்கட்டும்; பார்த்த நொடியில் குறிப்புச் சொல்லைச் சொல்லி, உணவுக்காக உங்கள் பக்கம் திரும்ப வையுங்கள். பல முறை செய்தபின் நாய் எதிரில் உள்ளதை ஒருமுறை பார்த்துவிட்டு, நீங்கள் சொல்லும் முன்பே உங்களிடம் திரும்பும். முன்பு குரைக்க வைத்த காட்சியே இப்போது வளர்ப்பவரைப் பார்க்கச் சொல்லும் சமிக்ஞை ஆகிறது.

பரிசு எப்போதும் உணவாக இருக்க வேண்டியதில்லை. விலங்கு ஆசையோடு செய்யும் செயலையே, அது அவ்வளவாக விரும்பாத செயலுக்குப் பரிசாக்கலாம் என்று உளவியலாளர் டேவிட் பிரிமாக் நிறுவினார். உங்களை ஒருமுறை பார்த்தால், அந்த மின்கம்பத்தை ஆசை தீர முகர அனுமதி. இப்படிச் செய்தால் தெரு உங்களுக்குப் போட்டியாக இருந்த நிலை மாறி, உங்கள் பரிசுப் பையில் ஒரு பொருளாகிவிடும்.

பாராட்டும் பரிசுதான். எமரி பல்கலைக்கழகத்தின் கிரெகரி பெர்ன்ஸ், மயக்க மருந்தோ கட்டுகளோ இல்லாமல் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அசையாமல் படுத்திருக்க நாய்களைப் பழக்கியவர். அவருடைய குழு 15 நாய்களின் மூளையைப் பார்த்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான நாய்களின் மூளையில் பரிசை உணரும் பகுதி, உணவுக்குச் சமமாகவோ அதைவிடக் கூடுதலாகவோ வளர்ப்பவரின் பாராட்டுக்குத் துடித்தது. அதே ஆண்டில் புடாபெஸ்டின் அட்டிலா ஆன்டிக்ஸ் குழு இன்னொன்றைக் காட்டியது: பாராட்டுச் சொல்லும் பாராட்டும் தொனியும் சேர்ந்து வந்தால்தான் அந்தப் பகுதி நன்றாக விழிக்கிறது. “நல்ல பையன்” என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னால் நாய்க்கு அது பரிசாகாது.

எட்டாம் மாதம்

ஐந்து மாதத்தில் சொன்னதையெல்லாம் கேட்ட குட்டி, எட்டு மாதத்தில் காது கேளாதது மாதிரி நடந்துகொள்ளும். நாயை வேண்டாமென்று கொண்டுபோய் விடுகிறவர்களில் பலர் இந்தப் பருவத்தில்தான் மனம் வெறுத்துப் போகிறார்கள். நியூகாசில் பல்கலைக்கழகத்தின் லூசி ஆஷர் குழு, வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்படும் குட்டிகளை ஐந்தாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் சோதித்து 2020-இல் முடிவை வெளியிட்டது. எட்டாம் மாதத்தில் “உட்கார்” என்ற கட்டளைக்கு அவை வளர்ப்பவரிடம் முன்பைவிடக் குறைவாகவே பணிந்தன. அந்நியர் சொன்னபோது இந்தச் சரிவு இல்லை. மறந்துபோயிருந்தால் இருவரிடமும் சரிந்திருக்க வேண்டும். இது விடலைப் பருவத்தின் முரண்டு, கடந்து போகும். அந்த மாதங்களில் எளிய பாடங்களுக்குத் திரும்பி, பரிசைக் கூட்டிக் கொடுப்பதே வழி.

வயது ஏறினால் கற்க முடியாது என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் இல்லை. வியன்னாவில் லீசா வாலிஸ் 145 பார்டர் கோலி நாய்களைச் சோதித்தார். ஆறு மாதக் குட்டி முதல் 13 வயது கடந்த முதிய நாய் வரை அவற்றில் இருந்தன. தரையில் ஒரு துண்டு உணவைப் போடுவார்கள்; நாய் அதைத் தேடித் தின்றுவிட்டு நிமிர்ந்து முகத்தைப் பார்த்த நொடியில் கிளிக்; மறுபடி ஒரு துண்டு. சில நிமிடப் பயிற்சி அது. வேகத்தில் வயது வேறுபாடு தெரிந்தது, ஆனால் முதிய நாய்களும் கற்றன.

எத்தனை நேரம் பயிற்சி தர வேண்டும்? நாம் நினைப்பதைவிடக் குறைவாக. டென்மார்க்கில் 2008-இல் பீகிள் நாய்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறையும் மற்றதற்கு வாரம் ஐந்து முறையும் ஒரே பாடத்தைக் கற்பித்தார்கள். வாரம் ஒருமுறை கற்ற நாய்களுக்கு மொத்தத்தில் குறைவான வகுப்புகளே தேவைப்பட்டன. இடைவெளியில்தான் நினைவு கெட்டிப்படுகிறது. நாய் இன்னும் வேண்டும் என்று நிற்கும்போதே பயிற்சியை முடித்துவிடுங்கள்.

கயிற்றைச் சுண்டினால்

நாய் வேறு பக்கம் பார்க்கும்போது கயிற்றைச் சுண்டி இழுத்தால் அது உடனே திரும்பிப் பார்க்கும். அதனாலேயே பலர் இதைப் பயிற்சி என்று நம்புகிறார்கள். பிரான்சில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வு, கயிற்றை இழுத்துப் பழக்கும் பள்ளி ஒன்றையும், பரிசு தந்து பழக்கும் பள்ளி ஒன்றையும் ஒப்பிட்டது. பரிசு பெற்ற நாய்கள் வளர்ப்பவரை அதிகம் பார்த்தன. இழுபட்ட நாய்களிடம் உடலைத் தாழ்த்துவது முதலான மனவழுத்த அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. கவனத்தைப் பிடுங்க நினைக்கிறவருக்குக் கவனம் குறைவாகவே கிடைக்கிறது.

போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் 2020-இல் வெளியான ஆய்வு 92 வளர்ப்பு நாய்களைப் பார்த்தது. கடிந்தும் தண்டித்தும் பழக்கும் பள்ளிகளில் இருந்த நாய்கள் பயிற்சியின்போது அடிக்கடி கொட்டாவி விட்டன, உதட்டை நக்கின. பயிற்சிக்குப் பின் அவற்றின் உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற மனவழுத்த ஹார்மோன் மிகுதியாக உயர்ந்திருந்தது. பயிற்சி இல்லாத வேறொரு நாளில், உணவு இருக்குமா இருக்காதா என்று தெரியாத ஒரு கிண்ணத்தை வைத்தபோது, அதிகம் தண்டனை கண்ட நாய்கள் அதை நோக்கித் தயங்கித் தயங்கி நடந்தன. நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பே அவற்றிடம் குறைந்திருந்தது. பயந்து பார்க்கும் நாய் நம் கையைப் பார்க்கிறது, அடுத்த அடி எங்கிருந்து வரும் என்று. அதைக் கவனம் என்று சொல்ல என்னால் முடியாது.

பார்க்காமலும் கவனிக்கும்

காட்சிப் போட்டிகளில் தலையை நிமிர்த்தி, வளர்ப்பவரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒட்டி நடக்கும் நாய்களைப் பார்த்து வியக்கிறோம். எல்லா நாயும் எல்லா நேரமும் அப்படி நடக்க வேண்டியதில்லை. சில வேலைகளில் அது கேடாகவும் முடியும்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011-இல், போதைப்பொருளும் வெடிமருந்தும் கண்டுபிடிக்கும் 18 மோப்ப நாய்களையும் அவற்றைக் கையாள்பவர்களையும் ஒரு கட்டடத்தில் தேட விட்டார்கள். அங்கே தேட வேண்டிய பொருள் எதுவுமே இல்லை. சில இடங்களில் சிவப்புத் தாள் ஒட்டி, பொருள் அங்கே இருப்பதாகக் கையாள்பவர்களை மட்டும் நம்ப வைத்தார்கள். 200-க்கும் மேற்பட்ட தவறான எச்சரிக்கைகள் பதிவாயின; மனிதர் எதிர்பார்த்த இடங்களிலேயே அவை அதிகம். நாய் மூக்கை நம்பாமல் மனிதரின் உடலைப் படித்திருக்கலாம். மனிதரே நாயின் அசைவைத் தவறாகப் படித்திருக்கவும் கூடும். எப்படியானாலும், மோப்ப நாய் வேலையின் நடுவே கையாள்பவரின் முகத்தைத் தேடாதபடி பழக்கப்பட வேண்டும். பார்வையற்றவரின் வழிகாட்டி நாய்க்கும் கண் சாலையில்தான் இருக்க வேண்டும். எதிரே வண்டி வரும்போது “நட” என்று சொன்னாலும் நடக்க மறுக்க வேண்டும் என்பதே அதன் பயிற்சியின் உச்சம்.

வீட்டு நாய்க்கும் மூக்கை அவிழ்த்துவிடும் நேரம் வேண்டும். ஷார்லட் டுராந்தோனும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் மோப்ப விளையாட்டு ஆடிய நாய்கள், முன்பு சொன்ன கிண்ணச் சோதனை போன்ற ஒன்றில் முன்பைவிட நம்பிக்கையோடு நடந்தன. அதே இரண்டு வாரம் வளர்ப்பவரை ஒட்டி நடக்கப் பழகிய நாய்களிடம் அந்த மாற்றம் இல்லை. தேவைப்படும்போது திரும்பிப் பார்க்கும் நாயே நமக்கு வேண்டும். மற்ற நேரம் அதன் மூக்குக்குச் சொந்தம்.

இந்த இயல்பு விலை உயர்ந்த இனங்களுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா நெடுங்காலமாக இந்தியத் தெருநாய்களை ஆராய்ந்து வருகிறார். எந்தப் பயிற்சியும் பெறாத வளர்ந்த தெருநாய்களிடம், இரண்டு கிண்ணங்களில் ஒன்றை முன்பின் தெரியாத ஆள் கையால் சுட்டிக் காட்டினார்கள். 2020-இல் வெளிவந்த அந்த ஆய்வில், பயந்து விலகாமல் அருகே வந்த நாய்களில் பெரும்பாலானவை கை காட்டிய கிண்ணத்தையே தேடிப் போயின. நம் தெருமுனையில் படுத்திருக்கும் நாய்க்கும் மனிதரைப் படிக்கத் தெரியும். அதை வீட்டுக்கு அழைத்து வந்து பழக்குவதற்கு அறிவியலில் எந்தத் தடையும் இல்லை.

எனவே நாய் வளர்க்கும் வாசகரிடம் ஒரு வேண்டுகோள். நாளை காலை நாயோடு வெளியே போகும்போது கைபேசி சட்டைப் பைக்குள் இருக்கட்டும், இன்னொரு பையில் நான்கைந்து கோழித்துண்டு இருக்கட்டும். நீங்கள் கூப்பிடாமலே நாய் உங்களை நிமிர்ந்து பார்க்கும் நொடி நிச்சயம் வரும். அந்த நொடியைத் தவறவிடாமல் “சரி” என்று சொல்லி, உணவைக் கொடுங்கள். அடுத்த வளைவில் மறுபடி பார்க்கும், மறுபடி கொடுங்கள். நாயின் கவனம் வேண்டுமென்றால் முதலில் நம் கவனத்தை அதற்குக் கொடுக்க வேண்டும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது.